நான்கும் ஒன்றும் ஐந்து!

தேர்தல் முடிந்தது. வென்றவர் டில்லிக்குப் புறப்பட்டார். தோற்றவர் வீட்டுக்குப் புறப்பட்டார். வேடசந்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் பெரியவர் ஒருவர் போலீஸ் நிலையத்துக்குப் புறப்பட்டார்.

அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. தம்முடைய துப்பாக்கியைத் திரும்ப வாங்கி வரப் போனார்!

இது நடந்தது 2024 ஜூன் மாதம். அந்த ஆண்டு மக்களவைத் தேர்தல் தேதி மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது. தேர்தல் அறிவிப்பு வந்தால், துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் அதை ஒப்படைக்க வேண்டும். வங்கிக் காவலர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. தமிழ்நாட்டில் நாம் ஏப்ரல் 19-ஆம் தேதியே ஓட்டுப் போட்டுவிட்டோம். ஆனால் ஓட்டு எண்ணியது ஜூன் 4-ஆம் தேதிதான். அதுவரை துப்பாக்கிக்கும் விடுதலை இல்லை.

ஏறக்குறைய 80 நாள் அது வெளியே இருந்தது. பெரியவர் கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் காலையில் அதைக் கழற்றித் துடைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன்.

"நானும் வந்து பார்க்கலாமா ஐயா?" என்று கேட்டேன்.

"வாங்க தம்பி. ஆனா நான் சொல்ற எடத்துலதான் உக்காரணும்" என்றார்.

வாசல் வேண்டாம்

பெரியவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பட்டாளத்தில் இருந்தவர். துப்பாக்கி அவர் மாமனார் வாங்கியது. அந்தக் காலத்தில் புகையிலைத் தோட்டமும் கிணறும் உள்ள வீடுகளில் காவலுக்கு ஒரு துப்பாக்கி இருப்பது வழக்கம். வேடசந்தூர்ப் பக்கம் புகையிலைக்குப் பேர் போனது. 1948-லேயே இங்கே புகையிலை ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. இன்று அந்த வயல்கள் பலவற்றில் வேறு வெள்ளாமை. சாலை ஓரத்தில் நூற்பாலைகள். துப்பாக்கி மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் போனபோது ஆனி மாதக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அதனால் வாசல் திண்ணை வேண்டாம் என்று உள்ளே பாய் விரித்திருந்தார். பாயின் மேல் பழைய வெள்ளை வேட்டி. அதன்மேல் நீளமான கம்பி, பித்தளைத் தூரிகை, கிழித்து வைத்த துணித் துண்டுகள், கொஞ்சம் மண்ணெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய். தோட்டாப் பெட்டி அங்கே இல்லை. அது வேறு அறையில், வேறு பூட்டில் இருந்தது.

"வந்ததும் வராததுமா அந்த இரும்பை ஏன் எடுக்கிறீங்க? நாளைக்குப் பார்த்தா ஆகாதா?" என்று சமையல் கட்டிலிருந்து குரல் வந்தது. அவருடைய மனைவி.

"துருவுக்கு நாளைன்னு ஒண்ணு கிடையாது" என்றார் பெரியவர்.

பத்து வயதுப் பேத்தி தாத்தாவின் வலப்பக்கம் உட்கார்ந்தாள். எனக்கு இடப்பக்கம். குழலின் வாய் எதிர்ச் சுவரைப் பார்த்தது. அந்தச் சுவருக்கு அப்பால் வீடு இல்லை, மண்மேடுதான். அதையும் அவர் யோசித்துத்தான் பாய் விரித்திருக்கிறார்.

காளைத் திமில்

உறையைக் கழற்றினார். வங்கி வாசலில் காவலர் கையில் நாம் பார்க்கும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கி போல இது இல்லை. குழல் ஒன்றுதான். ஆனால் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய். பின்பக்கம் காங்கேயம் காளையின் திமில் போல ஒரு மேடு. இப்படிப்பட்ட துப்பாக்கி நம் பக்கத்தில் அபூர்வம்.

சாதாரணத் துப்பாக்கியில் ஒரு குழலுக்கு ஒரு தோட்டா. சுட்டதும் மடக்கித் திறந்து, வெறுங்கூட்டை எடுத்து, அடுத்த தோட்டாவைக் கையால் போட வேண்டும். இதிலோ அந்த வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்ளும். விசையை ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ஒரு வெடி. வெடித்ததும் கூடு வெளியே பறக்கும், அடுத்த தோட்டா உள்ளே வந்து உட்காரும். அதனால் இதற்கு அரைத் தானியங்கித் துப்பாக்கி என்று பெயர்.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பிரௌனிங். தகப்பனாரும் துப்பாக்கிக் கொல்லர். மகன் பட்டறையிலேயே வளர்ந்தவர். இந்தத் துப்பாக்கிக்கு அவர் காப்புரிமை பெற்றது 1900-ஆம் ஆண்டு. வின்செஸ்டர் கம்பெனியிடம் கொண்டுபோனார். விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தமக்கு ஒரு பங்கு வேண்டும் என்றார். அவர்கள் சம்மதிக்கவில்லை. 1902 ஜனவரியில் ரெமிங்டன் கம்பெனிக்குப் போனார். அங்கே தலைவரைப் பார்க்கக் காத்திருந்தபோதே, அந்தத் தலைவர் மாரடைப்பால் இறந்துவிட்டார் என்று சேதி வந்தது! பிரௌனிங் மனம் தளரவில்லை. துப்பாக்கியோடு கப்பல் ஏறினார். பெல்ஜியம் நாட்டின் எஃப்.என். தொழிற்சாலை அதை ஏற்றுக்கொண்டது. பெரியவர் வீட்டில் இருப்பது அந்தப் பெல்ஜியச் சரக்கு. 1998 வரை இந்த இனம் தயாராகி வந்தது. பிரௌனிங் 1926-இல் காலமானதும் அதே பெல்ஜியத் தொழிற்சாலையில், வேலை செய்துகொண்டிருந்த இடத்தில்தான்.

அந்தத் துப்பாக்கிக்குப் பெயர் 'ஆட்டோ-5'. பேத்தி கேட்டாள்:

"அஞ்சுன்னா என்ன தாத்தா?"

"கீழ்க்குழாயில நாலு தோட்டா. மேலே அறையில ஒண்ணு. நாலும் ஒண்ணும் எத்தனை கண்ணு?"

"அஞ்சு!"

"அந்த ஒண்ணை மறக்கிறவன்தான் ஆபத்துல மாட்டுறான்."

விரல் சொல்லும் சேதி

இந்த இடத்தை வாசகர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். வீட்டில் துப்பாக்கியே இல்லாதவர்களும் படிக்கலாம். உறவினர் வீட்டிலோ, காவலர் கையிலோ ஒருநாள் பார்க்கத்தானே போகிறோம்?

கீழ்க்குழாயில் இருக்கும் நான்கு தோட்டாக்களையும் ஒருவர் எடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குழாய் காலி. "துப்பாக்கி காலி" என்று அவர் நினைக்கிறார். ஆனால் மேலே அறையில் ஐந்தாவது தோட்டா வெளியே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. இரட்டைக்குழலை மடக்கினால் இரண்டு அறையும் கண்ணுக்கு நேரே தெரியும். இதில் அப்படித் தெரியாது. போதாக்குறைக்கு, இந்த இனத்தில் பிற்காலத்தில் வந்தவற்றில் ஒரு வசதி உண்டு. திறந்த நிலையில் கீழ்க்குழாயில் முதல் தோட்டாவைத் தள்ளினால், அது குழாயில் நிற்காது. தானாகவே மேலே ஏறி அறைக்குள் போய்விடும். வேட்டைக்காரனுக்கு அது சௌகரியம். மறதிக்காரனுக்கு அது எமன்.

பெரியவர் என்ன செய்தார்? விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டார். பக்கத்தில் உள்ள பிடியை இழுத்தார். 'கிளிக்' என்று திறந்து நின்றது. குனிந்து அறைக்குள் பார்த்தார். பேத்தி டார்ச் அடித்தாள். பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினார். கீழ்க்குழாயின் வாயிலும் விரலை விட்டு அழுத்திப் பார்த்தார். ஒரு நிமிடம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்தார்.

"கொடுக்கும்போது நீங்கள்தானே காலி செய்து கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"கொடுத்தது நான்தான். 80 நாள் வெச்சிருந்தது நான் இல்லையே தம்பி? நேத்து ராத்திரி நானே பூட்டி வெச்சிருந்தாலும் இன்னைக்குக் காலையில பார்ப்பேன். கண்ணு ஏமாத்தும். அதுவும் என் வயசுக் கண்ணு! விரல் ஏமாத்தாது."

இது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல. 2024 அக்டோபர் 1 அன்று இந்தி நடிகர் கோவிந்தா மும்பையில் தம் வீட்டில் உரிமம் பெற்ற ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது வெடித்துக் காலில் குண்டு பாய்ந்தது. நல்ல வேளையாக உயிர் பிழைத்தார். "துடைக்கும்போது வெடித்தது" என்று செய்தி வரும்போதெல்லாம், துடைப்பதற்கு முன் பார்த்தார்களா என்றே எனக்குக் கேட்கத் தோன்றும்.

பூட்டைத் திறப்பது போல

பார்த்து முடித்த பிறகுதான் கழற்றும் வேலை. பின்கட்டையைத் தரையில் ஊன்றி, குழலைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டு, கீழ்க்குழாயின் நுனியில் உள்ள மூடியைத் திருகினார். முகத்தைக் குழலுக்கு மேலே கொண்டுபோகவில்லை. அழுத்தாமல் திருகினால் உள்ளே உள்ள சுருள்வில் குழலை மேலே எகிறச் செய்யும். மூடி கழன்றது. முன்கட்டையை உருவினார். குழல் தனியே வந்தது.

உள்ளே ஒரு பெரிய சுருள்வில். அதோடு ஒரு இரும்பு வளையம், ஒரு வெண்கல வளையம். பேத்தி ஒரு நோட்டுத் தாளில், எது முன், எது பின் என்று படம் போட்டுக்கொண்டாள்.

ஏன் படம்? இந்தத் துப்பாக்கி வெடிக்கும்போது குழலே பின்னோக்கி ஓடும். அடைப்புக்கட்டையும் அதோடு சேர்ந்து ஓடும். பிறகு குழல் முன்னே திரும்பும். கட்டை பின்னேயே நிற்கும். அந்த இடைவெளியில் வெறுங்கூடு வெளியே விழும். அப்புறம் கட்டை அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னே வரும். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள்! இவ்வளவு வேகமாக ஓடும் குழலுக்குப் பிரேக் வேண்டாமா? அந்த வெண்கல வளையம்தான் பிரேக். கனமான தோட்டாவுக்கு வளையங்களை ஒரு வரிசையில் வைக்க வேண்டும். லேசான தோட்டாவுக்கு வேறு வரிசை. வரிசை தவறினால் குழல் மோதி மோதி முன்கட்டை பிளந்துபோகும்.

நம் திண்டுக்கல் பூட்டை ஒருமுறை கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதே, அந்தப் பூட்டுத்தான். உள்ளே உள்ள தகடு ஒன்று இடம் மாறினாலும் சாவி சுற்றாது.

"மீதியையும் கழற்றுவீர்களா?" என்று திமில் பகுதியைக் காட்டிக் கேட்டேன்.

"அதைத் தொடவே மாட்டேன். உள்ளே இருக்கிற திருகாணியெல்லாம் மயிரிழை வெட்டு. நம்ம வீட்டுத் திருப்புளி போட்டா வாய் சிதைஞ்சுடும். அது கடைக்காரர் வேலை."

சட்டமும் அதையே சொல்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். துடைப்பது சொந்தக்காரர் வேலை. பழுது பார்ப்பது உரிமம் பெற்றவர் வேலை. உள்ளூர்ப் பட்டறையில் கொடுத்து "கொஞ்சம் சரி பண்ணு" என்பதும், குழலை அறுத்துக் குட்டையாக்குவதும் சிறைக்கு வழி.

குளவிக் கூடு

குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "எதைத் தேடுகிறீர்கள்?" என்றேன்.

"மொதல்ல குளவிக் கூடு!"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குளவிக்குக் குழாய் கிடைத்தால் போதும், மண் வைத்துக் கட்டிவிடும். குழலுக்குள் மண் அடைத்திருக்கும்போது சுட்டால் வெடி முன்னே போக வழியில்லாமல் குழலையே கிழித்துவிடும். மறந்துவிட்ட துணித் துண்டு ஒன்று உள்ளே கிடந்தாலும் அதே கதிதான். அதனால் துணிகளையும் அவர் எண்ணி வைத்திருந்தார். துடைத்து முடித்ததும் மறுபடி எண்ணினார்.

இது 12 போர் துப்பாக்கி. அதென்ன 12? ஒரு ராத்தல் ஈயத்தை, அதாவது சுமார் 454 கிராமை, 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ, அதுதான் குழலின் பருமன். ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். ஆனால் பெரும்பாலான தோட்டாக்களுக்குள் அப்படி ஒரே உருண்டை இருப்பதில்லை. சிறு சிறு ரவைகள். சுடும்போது ஈயமும், மருந்துப் புகையும், ரவையைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தின் கறையும் குழலில் ஒட்டிக்கொள்ளும். ஈரம் பட்டால் அதன் அடியிலேயே துரு பிடிக்கும்.

மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையைத் தோட்டா அறைப் பக்கமிருந்து விட்டு, வாய்ப் பக்கம் எடுத்தார். அப்புறம் துணி. முதல் துணி கறுப்பாக வந்தது. இரண்டாவது சாம்பல் நிறம். ஐந்தாவது துணி வெள்ளையாகவே வந்தது.

"பட்டாளத்துல கொதிக்கிற தண்ணியை ஊத்துவோம்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க" என்றார். அது உண்மை. பழைய காலத்துத் தோட்டாக்களின் பொறி மருந்து வெடித்ததும் ஒருவகை உப்பைக் குழலில் விட்டுச் செல்லும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. தண்ணீர்தான் கரைக்கும். இப்போது வரும் தோட்டாக்களில் அந்த உப்பு இல்லை. வெந்நீரும் வேண்டியதில்லை.

எண்ணெய் கொஞ்சம் போதும்

"தேங்கா எண்ணெய் வேணுமா? புதுசா ஆட்டினது இருக்கு" என்றார் பாட்டி.

"அது தலைக்கு. இதுக்கு ஆகாது. நாளாக நாளாகப் பிசுக்காயிடும்" என்றார் பெரியவர்.

தையல் மெஷின் எண்ணெயில் நான்கு சொட்டு. அவ்வளவுதான். அதையும் துணியில் விட்டு, இரும்பின் மேல் தடவி, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தார். கீழ்க்குழாயின் மேல் எண்ணெய் வழிந்தால் வெண்கல வளையம் வழுக்கும். சைக்கிள் சக்கரத்தில் எண்ணெய் விட்டால் பிரேக் பிடிக்குமா? அதேதான்.

புதிய அரைத் தானியங்கிகள் வேறு விதம். அவற்றில் குழல் ஓடுவதில்லை. பலவற்றில் குழலில் உள்ள சிறு துளை வழியாக வெடிப்புகை கீழே இறங்கி ஓர் உந்தியைத் தள்ளும். அங்கே கரி படியும். அந்த உந்தியில் எண்ணெயைக் கொட்டினால், கரியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகிப் பிடித்துக்கொள்ளும். சுடாத துப்பாக்கியைக் கெடுப்பது துரு. சுடுகிற துப்பாக்கியைக் கெடுப்பது பெரும்பாலும் சொந்தக்காரரின் எண்ணெய்க் குப்பி!

அரைமணி நேரத்தில் பேத்தியின் படத்தைப் பார்த்து எல்லாம் திரும்பப் பூட்டப்பட்டது.

பன்றியைச் சுடலாமா?

வயல்காரர்கள் கேட்கும் கேள்வி இது. நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் காட்டுப்பன்றி ஓர் இரவில் அழித்துவிடுகிறது. வீட்டில் துப்பாக்கி இருக்கிறது. சுட்டால் என்ன?

சுடக்கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. துப்பாக்கி உரிமம் என்பது வேட்டை உரிமம் ஆகாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம். ஆனால் சுட வேண்டியவர்கள் வனத்துறையினர், வயல்காரர் அல்ல. பயிரைப் பறிகொடுத்தவனுக்கு இது ஆறுதலாகுமா என்பது வேறு விஷயம். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருட்டில் அசையும் புதர் பன்றியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்து வயல்காரராகவும் இருக்கலாம்.

வேடசந்தூர் வட்டத்துக் காடுகளில் இன்னொரு சின்ன ஜீவனும் இருக்கிறது. இரவில் உருண்டைக் கண்ணால் விழிக்கும் தேவாங்கு. அதற்காகவே 2022-இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தியாவில் தேவாங்குக்கென்று ஏற்பட்ட முதல் சரணாலயம் அது.

"அப்படியானால் இந்தத் துப்பாக்கியால் நீங்கள் கடைசியாக எப்போது சுட்டீர்கள்?" என்று கேட்டேன்.

பெரியவர் விரல் விட்டு எண்ணினார். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டார். "மாமனார் இருந்தப்ப" என்றார்.

அடுத்தது யாருக்கு?

உரிமப் புத்தகத்தை எடுத்து வந்தார். எழுத்து சிறியது. புதுப்பிக்க வேண்டிய தேதியை என்னைப் படிக்கச் சொன்னார். 2019-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, உரிமம் 5 ஆண்டு செல்லும். அதே திருத்தப்படி ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. முன்பு 3 வரை வைத்திருக்கலாம்.

உரிமம் பெற்றவர் 70 வயதைத் தாண்டினாலோ, 25 ஆண்டு துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. வாரிசு தனியாக விண்ணப்பம் போட வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. தகப்பனார் துப்பாக்கி என்பதற்காக மகன் சும்மா எடுத்து வைத்துக்கொண்டால் அது குற்றம்.

பெரியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். "எனக்கு வேண்டாம்ப்பா. வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு. கடையில கொடுத்துருங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாராம்.

"அவன் சொல்றதும் சரிதான்" என்றார் பெரியவர். "ஆனா மாமனார் கையால வாங்கினது. அதான் மனசு வரலை. இந்த விரல் மரத்துப் போறவரைக்கும் பார்த்துக்கறேன். உள்ளே விட்டா தோட்டா இருக்கா இல்லையான்னு தெரியணும். தெரியாத அன்னைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்துருவேன்."

துப்பாக்கியை உறையில் போடவில்லை. போலீஸ் நிலையத்திலிருந்து வரும் வழிக்குத்தான் உறை. துணி உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளுமாம். இரும்புப் பெட்டியில் நிறுத்தினார். பூட்டுவதற்கு முன் பேத்தி அவர் கையைப் பிடித்தாள்.

"தாத்தா, மறுபடி பார்க்கலையே?"

பெரியவர் நின்றார். பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, பிடியை இழுத்து, விரலை உள்ளே விட்டார். பிறகு மூடிப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

காப்பித் தம்ளரை நீட்டிய பாட்டி அதைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மொதல்ல போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க. ஈயம்!"